கண் அசைந்தால் மனவடு ஆறுமா?

எங்கள் திருவேற்காட்டுக்குப் பக்கத்திலேயே அயப்பாக்கம். அங்கே வீட்டு வசதி வாரியக் குடியிருப்பை ஒட்டி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இயங்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்து இரண்டு மாதம் ஆனபோது, அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழகக் கரையோர மீனவக் கிராமம் ஒன்றில் வீடு வீடாகப் போய் மக்களின் மனநிலையைக் கேட்டறிந்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, அக்கிராமத்துப் பெரியவர்களில் 12.7 சதவீதம் பேருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது. பெண்களிடமும், காயம்பட்டவர்களிடமும், வருமானம் அற்றுப்போன வீடுகளிலும் அது கூடுதலாக இருந்தது.

அதே சுனாமியில் சிக்கிய தமிழகச் சிறார்களை ஆராய்ந்து அதே ஆண்டு வெளியான வேறொரு ஆய்வு 70.7 சதவீதம் என்றது. 12.7 எங்கே, 70.7 எங்கே? பொய் சொன்னவர் யாரும் இல்லை. யாரிடம் கேட்டார்கள், எந்தக் கேள்வித்தாளை வைத்துக் கேட்டார்கள், எத்தனை நாள் கழித்துக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. மனக்காயத்தை அளப்பது இவ்வளவு சிரமம் என்பதை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். காயத்தை அளப்பதே சிரமம் என்றால், காயம் ஆறியதா என்று அளப்பது அதைவிடச் சிரமம். கண் அசைவுச் சிகிச்சைகளைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாமல் நடக்கும் வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஈழத்து மனநல மருத்துவர்கள் இந்தக் காயத்தை 'மனவடு' என்பார்கள். நல்ல சொல். நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். கெட்ட நினைவு இல்லாத மனிதர் இல்லை. காலம் போகப்போக அது மங்கும், மற்ற நினைவுகளோடு கலந்துவிடும். மனவடுவில் அந்த நினைவு மங்குவதில்லை. நடந்து முடிந்தது என்ற உணர்வே இல்லாமல், இப்போது நடப்பது போலத் திரும்பத் திரும்ப வருகிறது. உறக்கத்தில் வருகிறது, ஒரு சத்தத்தில் வருகிறது, ஒரு வாடையில் வருகிறது. அந்த இடத்தை, அந்த ஆளை, அந்த வேலையைத் தவிர்க்கச் சொல்கிறது. உடல் எந்நேரமும் விறைப்பாக இருக்கிறது. 'கண்ணுக்குள்ளேயே நிக்குது சார்' என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான்.

எங்கள் வட்டாரத்தில் மனவடுவுக்குக் காரணங்கள் ஏராளம். அம்பத்தூர், ஆவடி, திருமழிசைத் தொழிற்பேட்டைகளில் பவர் பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் பைபாஸிலும் விபத்தைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2015 டிசம்பரில் கூவம் பெருகிய இரவுகளை இன்றும் மழைச் சத்தத்தில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். குடித்துவிட்டு வரும் கணவனின் செருப்புச் சத்தத்துக்குப் பதறும் பெண்கள் இருக்கிறார்கள். சுனாமிக்கு ஆய்வாளர் வந்தார். இவர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. ஈ.எஸ்.ஐ.யில் கைக்குத் தையல் போடுகிறார்கள், இழப்பீட்டுக்குப் படிவம் தருகிறார்கள். மறுபடியும் அந்த மெஷின் முன்னால் நிற்க ஏன் கால் நடுங்குகிறது என்று கேட்க ஆள் இல்லை.

இப்படிப்பட்ட ஒருவர் ஆலோசனை மையங்களைத் தேடத் தொடங்கினால், விளம்பரங்களில் இன்று அவர் கண்ணில் படும் பெயர்களில் ஒன்று இ.எம்.டி.ஆர். என்ற கண் அசைவுச் சிகிச்சை. அதைப் பின்பற்றியும், அதிலிருந்து பிரிந்தும், அதோடு போட்டி போட்டும் கண்ணை மையமாக வைத்த வேறு சில முறைகளும் உண்டு. எல்லாமே விரைவான குணத்தைப் பேசுகின்றன. எது நம்பத்தக்கது?

இ.எம்.டி.ஆர். முறையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷபீரோ. 1987இல் பூங்கா ஒன்றில் நடந்துகொண்டிருந்தபோது தம்மை வாட்டிய எண்ணங்களின் கூர்மை சட்டென்று குறைந்ததையும், அவ்வேளையில் தம் கண்கள் வேகமாக இடவலமாக அசைந்ததையும் கவனித்ததாக அவர் எழுதியிருக்கிறார். வேண்டுமென்றே கண்ணை அசைத்துப் பார்த்தார். பிறரிடமும் செய்து பார்த்தார். 1989இல் 22 பேரை வைத்து நடத்திய முதல் ஆய்வை வெளியிட்டார். வியட்நாம் போரின் நினைவுகளால் வாடியவர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் அதில் இருந்தார்கள். ஒரே அமர்வில் பெரும் மாற்றம் வந்தது என்றார். உளவியல் உலகம் அதை எளிதில் நம்பவில்லை. 2019இல் அவர் காலமாகும்போது, அதே முறை உலகின் பல அரசு வழிகாட்டு நெறிகளில் இடம்பிடித்திருந்தது.

அமர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் மற்ற முறைகளோடு ஒப்பிட முடியும். அம்பத்தூரில் விரலை இழந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். முதல் ஓரிரு சந்திப்புகளில் கண் அசைவே இருக்காது. சிகிச்சையாளர் அவர் வாழ்க்கையைக் கேட்பார். தூக்கம், குடி, வீட்டு நிலைமை, தற்கொலை எண்ணம் எல்லாம் விசாரிப்பார். மனம் தத்தளித்தால் எதைப் பிடித்துக்கொண்டு அமைதிக்குத் திரும்புவது என்று பழக்குவார். பிறகுதான் அந்த நினைவு.

இருவரும் நேருக்கு நேர் உட்காருவதில்லை. ஒருவர் தோளைத் தாண்டி மற்றவர் பார்க்கும்படி நாற்காலிகள் சற்று விலகியிருக்கும். 'அந்த நாளில் எந்தக் காட்சி உங்களை ரொம்ப வாட்டுகிறது?' பிரஸ் இறங்கும் கணம் என்கிறார் அவர். 'அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி என்ன தோன்றுகிறது?' 'என் தப்புதான், நான் உருப்படாதவன்.' 'அதற்குப் பதில் எதை நம்ப விரும்புகிறீர்கள்?' 'என்னால் முடிந்ததைச் செய்தேன்.' வேதனை சுழியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கிறார். நம்மவர்களிடம் ரூபாய்க்கு எத்தனை பைசா என்று கேட்டால் இன்னும் சுலபமாகப் பதில் வரும். உடம்பில் எங்கே தெரிகிறது? நெஞ்சில்.

இப்போது அந்தக் காட்சி, அந்த எண்ணம், நெஞ்சின் அடைப்பு மூன்றையும் ஒருசேர மனதில் வைத்துக்கொண்டு, சிகிச்சையாளரின் இரண்டு விரல்களைக் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். இடதுபுறம், வலதுபுறம், ஏறத்தாழ இருபத்து நான்கு முறை. பிறகு நிறுத்தம். 'விட்டுவிடுங்கள். மூச்சை இழுத்து விடுங்கள். இப்போது என்ன வருகிறது?' வருவதைச் சொன்னால் போதும். சிகிச்சையாளர் அறிவுரை சொல்வதில்லை, வாதாடுவதில்லை. 'அதோடு போங்கள்' என்று மறுபடியும் விரலை அசைக்கிறார். காட்சி நகர்கிறது. பிரஸ்ஸின் சத்தம் போய், கூட வேலை செய்தவர் துணியைச் சுற்றிய கை வருகிறது, பிறகு சிறுவயதில் அப்பா திட்டியது வருகிறது, பிறகு அழுகை. எண் பத்திலிருந்து ஏழு, நான்கு, ஒன்று என இறங்கினால், 'என்னால் முடிந்ததைச் செய்தேன்' என்ற எண்ணத்தை அந்த நினைவோடு சேர்த்து உறுதிப்படுத்துகிறார்கள். தலை முதல் கால் வரை உடம்பில் எங்காவது இறுக்கம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு அமர்வு அறுபது முதல் தொண்ணூறு நிமிடம். முழுச் சிகிச்சையும் எட்டுக் கட்டங்கள் கொண்டது. கண்ணசைவு அதில் ஒரு பகுதிதான்.

மற்ற மனவடுச் சிகிச்சைகளிலிருந்து இது வேறுபடும் இடங்களை உலக சுகாதார நிறுவனம் 2013இல் தெளிவாக வரிசைப்படுத்தியது. நடந்ததை விலாவாரியாக வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கைகளை நேரடியாக எதிர்த்து வாதாடுவதில்லை. நெடுநேரம் அச்சத்தில் நிறுத்தி வைப்பதில்லை. வீட்டுப்பாடம் இல்லை. மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் இ.எம்.டி.ஆர். முறையையும் பெரியவர்களுக்கும் சிறார்களுக்கும் பரிந்துரைத்தது அந்நிறுவனம். நம் சமூகத்துக்கு இது சிறிய விஷயமில்லை. நடந்ததைச் சொல்ல வாயெடுக்க முடியாத பெண், சொன்னால் வீட்டு மானம் போய்விடும் என்று பயப்படுகிறவள், காட்சியை மனதில் மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சை பெறலாம் என்றால் ஒரு கதவு திறக்கிறது.

எல்லா நாட்டு அமைப்புகளும் ஒரே குரலில் பேசவில்லை. பிரிட்டனின் தேசிய வழிகாட்டு நெறி 2018இல், போரோடு தொடர்பில்லாத மனவடு உள்ள பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. அமெரிக்க உளவியல் சங்கம் 2017இல் அறிவாற்றல் சார்ந்த சிகிச்சைகளுக்கு வலுவான ஆதரவும் இதற்கு நிபந்தனையுடன் கூடிய ஆதரவும் தந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் 2023இல் வெளியிட்ட நெறி இதை முதல் வரிசைச் சிகிச்சைகளில் சேர்த்தது. டச்சு உளவியலாளர் பிம் கைப்பர்ஸ் குழுவினர் 76 சோதனைகளைத் திரட்டி 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு இன்னும் கறாரானது: குறுகிய காலத்தில் பலன் இருக்கக்கூடும், ஆனால் பெரும்பாலான சோதனைகளின் தரம் போதாது, உறுதியாக எதையும் சொல்வதற்கில்லை. இந்த எச்சரிக்கையை விளம்பரங்களில் காண முடியாது என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

இனி மையக் கேள்வி. பலன் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதைத் தருவது கண் அசைவா?

2001இல் டேவிட்சனும் பார்க்கரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கண் அசைவு தனியாக எதையும் கூட்டவில்லை என்றார்கள். அச்சமூட்டும் நினைவைப் பாதுகாப்பான சூழலில் எதிர்கொள்வதுதான் வேலை செய்கிறது, அது பழைய முறைதானே என்று விமர்சகர்கள் கேட்டார்கள். 2013இல் கிறிஸ்டோஃபர் லீயும் கைப்பர்ஸும் செய்த தொகுப்பு, இல்லை, கண் அசைவுக்கும் பங்கு இருக்கிறது என்று காட்டியது. ஜெர்மனியில் 139 நோயாளிகளை வைத்து 2016இல் வெளியான சோதனை இந்த வாதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஒரு பிரிவினர் அசையும் கையைக் கண்ணால் தொடர்ந்தார்கள். இன்னொரு பிரிவினர் அசையாத கையை உற்றுப் பார்த்தார்கள். மூன்றாவது பிரிவினருக்குப் பார்க்க எதுவும் தரப்படவில்லை. மூவருமே தேறினார்கள். கையைப் பார்த்த இரு பிரிவினரும் மூன்றாமவரைவிட நன்றாகத் தேறினார்கள். அந்த இருவருக்குள் வித்தியாசம் இல்லை. ஆகக் கண் அசைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நினைவில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நிற்பதுதான் முக்கியம் என்று தெரிகிறது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மார்செல் வான் டென் ஹவுட், ஐரிஸ் எங்கல்ஹார்ட் இருவரும் பல ஆண்டுகள் செய்த ஆய்வக வேலை இதற்கு விளக்கம் தருகிறது. ஒரு காட்சியை நினைவுக்குக் கொண்டுவந்து நிறுத்த மனதின் செயல்நினைவில் இடம் வேண்டும். அந்த இடம் சிறியது. அதே வேளையில் விரலைத் தொடரும் வேலையும் சேர்ந்தால் இரண்டுக்கும் இடம் போதாமல் காட்சியின் துலக்கம் குறைகிறது; துலக்கம் குறைந்தபடியே அது திரும்பவும் மனதில் பதிகிறது. இது சரியென்றால், கண்ணுக்குப் பதில் மனக்கணக்குப் போடுவதும் ஓரளவு உதவ வேண்டும். ஆய்வகத்தில் அப்படித்தான் தெரிகிறது. கனவுறக்கத்தில் கண்கள் உருள்வதோடு இதைத் தொடர்புபடுத்தியவர்களும் உண்டு. 2019இல் தென்கொரிய அறிவியலாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், இடவலமாக நகரும் ஒளியைக் காட்டியபோது எலிகளின் அச்சம் தணிந்ததையும், மூளையில் அதற்கான நரம்புப் பாதையையும் காட்டினார்கள். அருமையான ஆய்வு. ஆனால் எலி பயத்தில் உறைவதும், வீட்டுக்குள்ளேயே அடிபட்ட ஒரு பெண்ணின் இருபது வருட வாழ்க்கையும் ஒன்றாகிவிடாது.

மற்ற முறைகளுக்கு வருவோம். லேனி ரோஸன்ஸ்வைக் இ.எம்.டி.ஆர். பயின்றவர். அமர்வு இன்னும் வரையறுத்த படிகளோடு போக வேண்டும் என்று 2008இல் அவர் உருவாக்கியது ஏ.ஆர்.டி. இதிலும் விரலைக் கண்ணால் தொடர்கிறார்கள். வேறுபாடு பின்பாதியில் வருகிறது. உடம்பின் பதற்றம் தணிந்த பிறகு, அந்தக் கொடுங்காட்சிக்குப் பதிலாகத் தாம் விரும்பும் காட்சியை நோயாளியே கற்பனையில் வரைந்து பொருத்திக்கொள்கிறார். நடந்த உண்மை மறக்காது, கண்ணில் நிற்கும் படம் மட்டும் மாறும் என்பது அவர்கள் வாதம். ஒன்று முதல் ஐந்து அமர்வு போதும் என்கிறார்கள். கெவின் கிப் குழுவினர் படைவீரர்கள் 57 பேரை வைத்து 2013இல் வெளியிட்ட சோதனையில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் ஒப்பீட்டுக்கு வைத்த பிரிவினருக்கு உடற்பயிற்சி அல்லது வேலை பற்றிய ஆலோசனைதான் கிடைத்தது. வேறொரு மனவடுச் சிகிச்சை கிடைக்கவில்லை. சும்மா இருப்பதைவிட இது மேல் என்று அந்தச் சோதனை சொல்கிறது, இ.எம்.டி.ஆர். முறையைவிட மேல் என்று சொல்லவில்லை. மேலே சொன்ன 2023 அமெரிக்க நெறி, ஏ.ஆர்.டி.க்குச் சான்று போதவில்லை என்றே எழுதியது.

பிரெயின்ஸ்பாட்டிங், டேவிட் கிராண்ட் 2003இல் முன்வைத்தது. அவரும் இ.எம்.டி.ஆர். வழி வந்தவர். பனிச்சறுக்கு நடன வீராங்கனை ஒருவருக்குச் சிகிச்சை அளிக்கும்போது, ஒரு குறிப்பிட்ட புள்ளியில் அவர் பார்வை தடுமாறி நின்றதைக் கவனித்து, கையை அங்கேயே நிறுத்தினார். இந்த முறையில் கண் அசைவதில்லை. வேதனை பொங்கும் பார்வைப் புள்ளியைக் கண்டுபிடித்து அங்கேயே நிலைத்திருக்க வேண்டும். 2017இல் 76 பேரைக் கொண்டு இதையும் இ.எம்.டி.ஆர். முறையையும் ஒப்பிட்ட ஆய்வு இரண்டிலும் முன்னேற்றம் கண்டது. ஆனால் முறையை உருவாக்கியவரே ஆய்வாளர்களில் ஒருவர். ஜெர்மன் சோதனையில் அசையாத கையைப் பார்த்தவர்களும் தேறினார்கள் என்பதை இதோடு வைத்துப் பார்த்தால், பார்வைப் புள்ளி மூளையின் ஆழத்தைத் திறக்கிறது என்ற பெரிய விளக்கம் தேவையா என்ற ஐயம் எழுகிறது.

ஸ்டீவ், கொனிரே ஆண்ட்ரியாஸ் தம்பதியர் 1989இல் தொடங்கிய ஐ மூவ்மென்ட் இன்டக்ரேஷன் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கண்ணை எந்தத் திசையில் திருப்புகிறோமோ அதற்கேற்ப ஒலி, காட்சி, உணர்வு நினைவுகள் திறக்கும் என்ற என்.எல்.பி. (நியூரோ-லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்) கொள்கையிலிருந்து கிளைத்தது அது. அந்தக் கொள்கையின் ஒரு பிரபலமான கிளை, கண் போகும் திசையை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்பது. ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் 2012இல் சோதித்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இதற்காகக் காசு செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவை பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அறைக்குள் நடந்தவை. நம் மண்ணுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஷபீரோவின் வழிவந்த மனிதநேய உதவி அமைப்பு இந்திய உளவியலாளர்களுக்கு இ.எம்.டி.ஆர். பயிற்சி தந்தது. அந்தப் பேரிடரிலிருந்துதான் இந்தியாவில் அது வேர்பிடித்தது. சிறுவர்களுக்குக் கூட்டாகச் செய்யும் வடிவமும் உண்டு. மெக்சிகோவில் 1997 சூறாவளிக்குப் பின் லுசினா ஆர்டிகாஸ், இக்னாசியோ ஹரேரோ இருவரும் வளர்த்தெடுத்தது அது. கைகளை மார்பில் குறுக்காக வைத்து, இரு தோள்களையும் மாறி மாறித் தாங்களே தட்டிக்கொள்ளும் 'பட்டாம்பூச்சி அணைப்பு' அதன் அடையாளம். இதில் கண்ணுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். சுனாமிக்குப் பின் இலங்கையில் மருத்துவர் ருவான் ஜயதுங்க இ.எம்.டி.ஆர். வழியாகச் சிகிச்சையளித்த அனுபவத்தை 2008இல் எழுதினார். தனித்தனி நோயாளிகளின் கதைகள் அவை. மதிப்புள்ளவை, ஆனால் ஒப்பிட ஆள் இல்லாதவை.

ஒப்பீட்டோடு நடந்த ஆய்வு ஒன்று இலங்கையின் வடகிழக்கில் தமிழ்ச் சிறார்களிடையே நடந்தது. போரும் சுனாமியும் ஒருசேரத் தாக்கிய பிள்ளைகள், தற்காலிக முகாம்களில் இருந்தவர்கள். கிளாடியா கதானி, ஃபிராங்க் நொய்னர் குழுவினர் 31 சிறாரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு, வாழ்க்கைக் கதையைப் பிறந்ததிலிருந்து வரிசையாகச் சொல்லவைத்து, கொடும் நிகழ்வை அந்த வரிசையில் அதற்குரிய இடத்தில் அமர்த்தும் கதைசொல் சிகிச்சை. மறு பாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறே அமர்வுகள். நடத்தியவர்கள் அயல்நாட்டு நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதைசொன்ன பிள்ளைகளில் 81 சதவீதமும், தியானம் செய்த பிள்ளைகளில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். சிகிச்சையே பெறாத பிரிவு இல்லாததால் காலம் ஆற்றியது எவ்வளவு என்றும் பிரிக்க முடியாது. இருந்தாலும் எனக்கு இதுதான் முக்கியமான தமிழ்ச் சான்று. கண் அசையவில்லை, பிள்ளைகள் தேறினார்கள். கூட இருந்தவர் அவர்கள் மொழி பேசிய ஆசிரியர்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலம் முழுக்க இதையே வலியுறுத்தினார். ஒருவரை மட்டும் தனியறையில் வைத்துக் குணப்படுத்த முடியாத காயங்கள் உண்டு. ஊரே காயப்பட்டிருக்கும்போது ஊரையும் சேர்த்து ஆற்ற வேண்டும். ஜபம், சாந்தியாசனம் போன்று மக்கள் ஏற்கெனவே அறிந்த பயிற்சிகளை அவர் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்.

திருவேற்காட்டில் இருந்துகொண்டு கருமாரியம்மன் கோயிலைப் பேசாமல் இதைப் பேச முடியாது. பயந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய், விபத்துக்குப் பிறகு தூக்கம் இழந்த மகனை அழைத்துவரும் அப்பா, ஆடி மாதக் கூட்டத்தில் இவர்களும்தான் வரிசையில் நிற்கிறார்கள். திருநீறும் வேப்பிலையும் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்ற சொல்லும் அவர்களுக்குத் தரும் ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை இல்லாமலேயே, உற்றாரின் துணையோடு சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கோயிலும் குடும்பமும் போதும். சுனாமிக்குப் பின் மீனவக் கிராமத்தில் கண்ட அந்த நூற்றில் பன்னிரண்டு, பதின்மூன்று பேரைப் போன்றவர்களுக்குத்தான் போதாது. ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு நிற்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, சத்தம் கேட்டால் துள்ளுகிறார் என்றால், அம்மனைக் கும்பிட்ட கையோடு மருத்துவரிடமும் போக வேண்டும். இன்னொன்று: அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் பதற்றத்தை அடக்க, டயஸெபாம் வகையைச் சேர்ந்த தூக்க மாத்திரை கொடுக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருமுனை மருந்துக்கடையில் வாங்கித் தரும் வழக்கத்தை நாம் விட வேண்டும்.

கண் அசைவு முறைகளின் ஆபத்து பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. நினைவின் துலக்கத்தைக் குறைக்கும் முறை, நினைவின் விவரங்களையும் கலைக்கலாம் அல்லவா? 2018இல் ஹூபன் குழுவினர், இடவலக் கண் அசைவுக்குப் பின் பொய்யான தகவலை ஏற்கும் தன்மை கூடுவதாகக் கண்டார்கள். அடுத்த ஆண்டு வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்தபோது அப்படித் தெரியவில்லை. விஷயம் முடிவாகவில்லை. ஆனால் போக்சோ வழக்கில் சாட்சி சொல்ல வேண்டிய குழந்தைக்கு இது வெறும் ஆய்வகச் சண்டை இல்லை. அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும் என்கிறது. நடைமுறையில் தாமதமாகிறது. சாட்சியம் வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடு என்று குழந்தையிடம் சொல்வது கொடுமை. காட்சியையே மாற்றி வரையும் முறைகளை அவ்வேளையில் தவிர்த்து, சிகிச்சை தொடங்குமுன் வாக்குமூலத்தைப் பதிவு செய்துவிட்டு, வழக்கறிஞருக்கும் தெரிவித்துச் செய்வதே சரி என்பது என் கருத்து.

நினைவைக் கிளறும் எந்த முறையிலும் சிலர் முதலில் மோசமாவார்கள். தன்னையே மறந்து விலகிப்போகும் தன்மை உள்ளவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், இன்னும் அடிக்கும் கணவனோடு அதே வீட்டில் இருப்பவர், வலிப்பு நோய் அல்லது கண் கோளாறு உள்ளவர் என்றால், எடுத்த எடுப்பில் விரலை அசைப்பது தவறு. அதை அறிந்து நிறுத்தத் தெரிந்தவர் வேண்டும். இரண்டு நாள் பயிலரங்கில் விரலை அசைக்கக் கற்றுக்கொள்ளலாம். எப்போது அசைக்கக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள முடியாது.

என் தீர்ப்பு இதுதான். கண்ணை மையமாக வைத்த முறைகளில் இன்றைய நிலையில் இ.எம்.டி.ஆர். ஒன்றைத்தான் சான்றோடு பரிந்துரைக்க முடியும். அதுவும் மனவடுவை மையமாகக் கொண்ட மற்ற பேச்சுச் சிகிச்சைகளுக்கு இணையானது என்றுதான், மேலானது என்று இல்லை. ஏ.ஆர்.டி. நல்ல சோதனைகளுக்குக் காத்திருக்கிறது. பிரெயின்ஸ்பாட்டிங் இன்னும் அந்த நிலைக்கும் வரவில்லை. எந்த முறை என்று கேட்பதற்கு முன், செய்பவர் யார் என்று கேளுங்கள். மனநல மருத்துவரா? இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா? பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவில்லை. அவர் முதல் நாளே விரலை நீட்டுகிறாரா, முதலில் உங்கள் வாழ்க்கையைக் கேட்கிறாரா என்று பாருங்கள். ஒரே அமர்வில் தீரும் என்று உறுதி சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அரசிடம் ஒரு வேண்டுகோள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. அந்த உரிமையைத் தேடி இங்கிருந்து ஒருவர் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை வரை போக வேண்டியதில்லை என்ற நிலை வர வேண்டும். தொழிற்பேட்டைகளின் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும், பூந்தமல்லி, ஆவடி அரசு மருத்துவமனைகளிலும் மனவடுச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஓர் உளவியலாளராவது இருக்க வேண்டும். வடகிழக்கு இலங்கையின் முகாம்களில் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே அதைச் செய்ய முடிந்தது.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு: 14416 என்ற எண்ணில் அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவை இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.